ராஷ்டிரபதி பவன் வரை நீளும் தனித்தொகுதி

1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலூர் அருகே பேருந்தை மறித்து, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிட்டு வென்றதைத் தவிர முருகேசன் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதைக் கண்டு கொதித்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதற்கு மூன்றாம் நாள், ஜூலை 14 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. கேரளத்தின் உழவூரில் பிறந்த தலித்தான கே.ஆர்.நாராயணன், காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பாரதிய ஜனதா ஆகிய எல்லாத் தரப்பின் ஆதரவோடு ஏறத்தாழ 95 சதவீத வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்து நின்ற டி.என்.சேஷனால் வைப்புத்தொகையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஜூலை 25 அன்று நாராயணன் பதவியேற்றார். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காத சமூகம், அடுத்த மாதமே நாட்டின் தலைமை நாற்காலிக்கு ஒரு தலித்தை ஏறத்தாழ ஒருமனதாக அனுப்பியதை எப்படிப் புரிந்துகொள்வது? முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. உள்ளூர் அதிகாரம் நிலத்தையும் கூலியையும் குளத்து மீன் ஏலத்தையும் தொடுகிறது. குடியரசுத் தலைவர் பதவி எதையும் தொடாது என்று நம்பித்தான் அந்த ஒருமனம் உருவானது. நாராயணன் அந்த நம்பிக்கையைக் கலைத்தார் என்பதுதான் அவருடைய ஐந்தாண்டுக் காலத்தின் கதை.

பதவியேற்று மூன்று மாதம் ஆகும் முன்பே முதல் சோதனை வந்தது. உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்க ஐ.கே.குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபித்த அரசைக் கலைக்க அடிப்படை இல்லை என்று கருதிய நாராயணன், அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது கூறு தரும் உரிமையைப் பயன்படுத்திப் பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிஹாரின் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அதையே செய்தார். முதல் முடிவால் பலன் பெற்றது பாரதிய ஜனதா. இரண்டாவதால் பலன் பெற்றது லாலுவின் கட்சி. இரண்டுக்கும் பின்னால் இருந்தது மாநில அரசுகளைக் கலைப்பது குறித்து 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. 1998 பொதுத் தேர்தலில் அவர் வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களித்தார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி என்.ராமுக்கு அளித்த நேர்காணலில், தான் நிர்வாகக் குடியரசுத் தலைவரும் அல்ல, முத்திரை குத்துபவரும் அல்ல, அரசமைப்பின் எல்லைக்குள் நின்று வேலை செய்யும் குடியரசுத் தலைவர் என்று விளக்கினார். 2000 ஜனவரியில் குடியரசின் பொன்விழாவுக்கு நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசியபோது, அரசமைப்பை மறுஆய்வு செய்யக் கிளம்பிய அரசை மேடையில் வைத்துக்கொண்டே, அரசமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று கேட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய செயல்கள் அவற்றின் தகுதியை வைத்து மட்டும் எடைபோடப்பட்டனவா? 2000 ஏப்ரலில் அவர் பிரான்ஸுக்கு அரசுமுறைப் பயணம் போனபோது, அந்நாட்டின் பெரிய நாளேடான 'லெ ஃபிகாரோ' எலிசே மாளிகைக்கு ஒரு தீண்டத்தகாதவர் வருகிறார் என்ற பொருளில் தலைப்பிட்டது. ஹெரால்டு லாஸ்கியிடம் லண்டனில் பயின்றவர், சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தவர், மூன்று முறை மக்களவைக்குத் தேர்வானவர் என்ற எதுவும் அந்தத் தலைப்பில் ஏறவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. உள்நாட்டில் நடந்தது இதைவிட நுட்பமானது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். அவருக்குப் பின் பி.சி.ராய், கே.ராமசாமி. ராமசாமி 1997இல் ஓய்வுபெற்ற பிறகு அந்த நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. இந்தச் சூழலில், நீதிபதி நியமனக் கோப்பு ஒன்றில் நாராயணன் ஒரு குறிப்பு எழுதினார்: பட்டியல் சாதி, பழங்குடியினர் போன்ற நலிந்த பிரிவுகளில் தகுதியுள்ளோர் இருக்கிறார்கள், அவர்களையும் பரிசீலிப்பது அரசமைப்பின் நோக்கத்துக்கு உகந்தது. இட ஒதுக்கீடு கேட்கவில்லை. யார் பெயரையும் சிபாரிசு செய்யவில்லை. தகுதியுள்ளோரைக் கண்ணில் படாமல் விட்டுவிடாதீர்கள் என்றார், அவ்வளவுதான். தகுதியே அளவுகோல் என்ற பதில் தலைமை நீதிபதியிடமிருந்து வந்தது. தகுதியைப் பற்றி நாராயணன் எதுவும் மறுக்கவே இல்லையே! ஆனாலும் ஒரு தலித் அந்தச் சொற்களை எழுதியவுடன், அது சாதிக்காக வாதாடும் குரலாகக் கேட்டது. இதே வரிகளை ராஜேந்திர பிரசாதோ ராதாகிருஷ்ணனோ எழுதியிருந்தால் சமூக அக்கறை என்றும் பெருந்தன்மை என்றும் பாடப்புத்தகத்தில் சேர்ந்திருக்கும். 2000 ஜூனில் தலித்தான கே.ஜி.பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்; 2007இல் தலைமை நீதிபதியானார்.

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து உச்சிக்கு வரும் தலைவர்மீது சுமத்தப்படும் எழுதாத நிபந்தனை இதுதான்: நீ வந்தது எங்கள் பெருமை, வந்த வழியைப் பற்றி மட்டும் பேசாதே. பேசினால் பாரபட்சம் என்பார்கள். பேசாவிட்டால் சொந்த மக்கள் துரோகம் என்பார்கள். உலகம் இதை மிகப் பெரிய திரையில் பார்த்தது பராக் ஒபாமா காலத்தில். 2008இல் அவருடைய பாதிரியார் ஜெரமியா ரைட்டின் பழைய பிரசங்கங்களுக்காக, வேட்பாளரான அவர் பிலடெல்பியாவில் நின்று இனம் குறித்து நீண்ட விளக்க உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. 2009 ஜூலையில் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயி கேட்ஸ் தன் சொந்த வீட்டிலேயே கைது செய்யப்பட்டபோது, காவலர்கள் முட்டாள்தனமாக நடந்துகொண்டார்கள் என்று ஒபாமா ஒரு வாக்கியம் சொன்னார். வெள்ளையர் நடுவே எழுந்த கொந்தளிப்பில், வார்த்தைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவரே சொல்ல நேர்ந்தது. பேராசிரியரையும் காவலரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து பீர் கொடுத்துச் சமாதானம் செய்தார். 2011 ஏப்ரலில், தான் அமெரிக்காவில்தான் பிறந்தேன் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழின் முழு வடிவத்தை வெளியிட்டார். அவருக்கு முன்பிருந்த நாற்பத்து இரண்டு பேரில் எவரையும் நாடு இப்படி அலைக்கழிக்கவில்லை. மறுபக்கம், கார்னல் வெஸ்ட் போன்ற கறுப்பின அறிஞர்கள் அவர் ஏழைக் கறுப்பின மக்களைக் கைவிட்டார் என்று கடுமையாகச் சாடினார்கள். இரண்டு பக்கமும் அவரிடம் கேட்டது ஒரு அதிபரிடம் கேட்பதை அல்ல.

இந்த நிபந்தனை மனிதர்களின் மனக்கோணலால் மட்டும் உருவாவதில்லை; தேர்ந்தெடுக்கும் முறையிலேயே அது இருக்கிறது. பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் பேரூராட்சியும் மலைமேல் இருக்கும் கொடைக்கானலும் இன்று ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. அந்தப் பழனித் தொகுதி 1977 முதல் 2006 வரை எட்டுப் பேரவைத் தேர்தல்களில் தனித்தொகுதியாக இருந்தது. மார்க்சிஸ்ட், காங்கிரஸ், திமுக, அதிமுக என எல்லாக் கட்சிகளும் அங்கே தலித் வேட்பாளர்களை நிறுத்தி வென்றிருக்கின்றன. தனித்தொகுதியின் கணக்கு எளிது. நிற்பவர் தலித், வாக்களிப்போரில் பெரும்பாலோர் தலித் அல்லாதவர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கு; பெரும்பாலான தனித்தொகுதிகளிலும் அவர்கள் சிறுபான்மைதான். ஆகவே சேரி வாக்கு எவ்வளவு திரண்டாலும் ஊர் வாக்கு இல்லாமல் வெற்றி இல்லை. இரட்டைக் குவளைக்கு எதிராகவோ மயானப் பாதைக்காகவோ உரத்துப் பேசுபவரைக் கட்சி நிறுத்தத் தயங்கும். சாந்தமானவர், எல்லோருக்கும் வேண்டியவர் என்று பெயர் எடுத்தவருக்கே வாய்ப்பு வரும். 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அம்பேத்கர், பின்னாளில் தொடர்ந்து எச்சரித்தது இதைத்தான். 1952இல் வடக்கு பம்பாய்த் தொகுதியின் தனி இடத்தில் காங்கிரஸ் நிறுத்திய தலித் வேட்பாளரிடம் அவரே தோற்றார். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசமைப்பை வரைந்தவரால் தனித்தொகுதியில் வெல்ல முடியவில்லை என்றால், அந்த அமைப்பு எப்படிப்பட்ட தலித்தைத் தேடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாராயணனும் ஒற்றப்பாலம் என்னும் தனித்தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர்தான். ராஷ்டிரபதி பவனுக்குப் போன பிறகும் அதே தனித்தொகுதி விதி அவரைத் தொடர்ந்தது. தொகுதியின் அளவு மட்டும்தான் பெரிதானது.

தனித்தொகுதியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அது இல்லாவிட்டால் சட்டமன்றங்களில் தலித்துகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைப் பொதுத்தொகுதிகளுக்கான வேட்பாளர் பட்டியல்களே சொல்லும். கதவைத் திறந்தது அந்த ஏற்பாடுதான். உள்ளே வந்தவர் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு பேசலாம் என்று கட்சிகள் முடிவு செய்வதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

மெய்யான அதிகாரத்தின் அருகே போன தலித்துக்கு என்ன நேர்ந்தது என்பதை ஜகஜீவன் ராமின் வாழ்க்கை காட்டுகிறது. 1946 இடைக்கால அரசில் தொழிலாளர் அமைச்சரானவர்; ரயில்வே, வேளாண்மை, பாதுகாப்பு என மிகக் கனமான துறைகளை முப்பது ஆண்டுக்கு மேல் நிர்வகித்தவர்; 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சர். 1977 பிப்ரவரியில் அவர் காங்கிரஸிலிருந்து வெளியேறியதுதான் அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலின் திசையை மாற்றியது. ஆனால் வென்ற ஜனதா பிரதமரைத் தேர்ந்தெடுக்கும்போது, மருத்துவமனையில் இருந்த சரண் சிங் கடிதம் எழுதி மொரார்ஜி தேசாய்க்கு ஆதரவு தந்தார், மொரார்ஜி பிரதமரானார். நெருக்கடிநிலையை ஆதரிக்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் ஜகஜீவன் ராம் என்ற எதிர்ப்பு அப்போது சொல்லப்பட்டது. நியாயமான எதிர்ப்புதான், 1977க்கு அது பொருந்தும். ஆனால் 1979இல் அவரைத் துணைப் பிரதமராக்கியபோது அந்தக் குறை எங்கே போயிற்று? அந்த ஆகஸ்டில், பிரதமராகியிருந்த சரண் சிங் மக்களவையைச் சந்திக்காமலே விலகினார். ஜனதாவின் நாடாளுமன்றத் தலைவராக இருந்த ஜகஜீவன் ராமை ஆட்சியமைக்க அழைக்காமல், குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அவையைக் கலைத்தார். இதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில், வாரணாசியில் முன்னாள் முதல்வர் சம்பூர்ணானந்தின் சிலையை ஜகஜீவன் ராம் திறந்துவைத்துப் போன பிறகு, அந்தச் சிலையைக் கங்கை நீர் ஊற்றிக் கழுவினார்கள். நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் தொட்ட கல்லுக்கு இதுதான் கிடைத்தது. 1980 தேர்தலில் அவரைப் பிரதமர் வேட்பாளராக முன்வைத்த ஜனதா 31 இடங்களில் சுருண்டது. அந்தத் தோல்விக்குக் கட்சியின் பிளவும் விலைவாசியும் இந்திராவின் மீட்சியும் பெரிய காரணங்கள். சாதியை மட்டும் காரணமாக்குவது சரியல்ல. ஆனால் அதற்குப் பிறகு பெரிய தேசியக் கட்சி எதுவும் ஒரு தலித்தைப் பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்தித் தேர்தலைச் சந்திக்கவில்லை. இன்றுவரை நமக்கு தலித் பிரதமர் இல்லை. கையெழுத்திடும் பதவி மூன்று முறை ஒடுக்கப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் கிடைத்தது. முடிவெடுக்கும் பதவி ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். சாதியும் இனமும் ஒன்றல்ல, நாராயணனும் ஒபாமாவும் ஒப்பிடத்தக்கவர்கள் அல்ல என்பார்கள். ஒன்றல்ல என்பது உண்மை. நிறம் முகத்தில் தெரியும். சாதியை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒபாமா ஆட்சியின் முழு அதிகாரத்தோடு கோடிக்கணக்கான மக்களின் வாக்கில் வந்தவர். நாராயணன் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கில் வந்தவர். இந்த வேறுபாடுகள் என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகின்றன. அடிமை முறையும் இனப் பிரிவினைச் சட்டங்களும் இருந்த நாடு, அந்தச் சட்டங்கள் ஒழிந்து அரை நூற்றாண்டுக்குள் கறுப்பினத்தவர் ஒருவரிடம் ஆட்சியையே கொடுத்தது. தீண்டாமையை 1950இலேயே 17ஆவது கூறால் ஒழித்த நாடு இன்னும் கொடுக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: நாட்டின் தலைவர் எல்லோருக்கும் பொதுவானவர், அவர் தன் சாதிக்காகப் பேசலாமா? பேசக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் பட்டியல் சாதியினருக்கு நேரும் அநீதி குறித்துப் பேசுவது சாதிக்காகப் பேசுவது ஆகாது. அரசமைப்பின் 17ஆவது கூறுக்காகப் பேசுவது. அந்தக் கடமை எந்தச் சாதியில் பிறந்த தலைவருக்கும் உண்டு. அதைத் தலித் தலைவரின் தனிப்பட்ட வேலையாக ஒதுக்கிவிட்டு, அவர் செய்யும்போது சாதிப்பற்று என்று பழிப்பதுதான் இந்தப் பொறியின் வேலை. 2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் ராம்நாத் கோவிந்தும் மீரா குமாரும் போட்டியிட்டபோது, தலித்துக்கு எதிர் தலித் என்று எல்லா ஊடகமும் எழுதியது. உயர்சாதியினர் போட்டியிட்டபோது அவர்களுடைய சாதியை யாரும் பேசியதில்லையே என்று மீரா குமார் செய்தியாளர்களிடம் நேராகவே கேட்டார். மக்களவைத் தலைவராக ஐந்தாண்டு அவையை நடத்தியவர், ஜகஜீவன் ராமின் மகள், அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்ததே வேதனை. எந்தத் தரப்பும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அடையாளத்தாலேயே பலன் உண்டு, குழந்தைகள் அந்தப் படத்தைப் பார்த்து வளர்வார்கள் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். 1943இல் திருவிதாங்கூரில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியும் விரிவுரையாளர் வேலை மறுக்கப்பட்ட இளைஞர், ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்துக் குடியரசுத் தலைவரானது வெறும் காட்சி அல்ல. ஆனால் காட்சி செயலுக்கு மாற்றாக நிறுத்தப்படும்போது அது தடையாகிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே துயரமான உதாரணம் இருக்கிறது. மேலவளவு இருக்கும் அதே மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்தவர் பி.கக்கன். 1939இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தவர்களில் ஒருவர். அரசமைப்பு அவை உறுப்பினர். பத்தாண்டு மாநில அமைச்சராகப் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகியவற்றை நிர்வகித்தவர். இன்று நாம் அவரை எப்படி நினைக்கிறோம்? கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரண வார்டில் கிடந்த எளிமைக்காக. அந்த நேர்மை போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அவர் தலைமையில் பொதுப்பணித் துறை என்ன கட்டியது, வேளாண் துறை என்ன செய்தது என்று எழுதுவோர் மிகக் குறைவு. 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் கக்கன்; அந்தப் பொறுப்பு குறித்து அன்றைய முதல்வர் பக்தவத்சலத்தை விசாரிக்கும் வரலாறு, கக்கனிடம் எதையும் கேட்பதே இல்லை. பாராட்டவும் எளிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பொறுப்புக் கேட்கவும் அவரை ஓர் அமைச்சராகக் கருதுவதில்லை. அடக்கமான, ஏழையான, யாரையும் தொந்தரவு செய்யாத தலித் தலைவரே நமக்குப் பிடித்த தலித் தலைவர். அந்த அச்சில் அடங்காதவர்களை, தன் சமூகத்துக்குப் போதிய இடம் இல்லை என்று 1974இல் திமுகவிலிருந்து வெளியேறிய சத்தியவாணி முத்துவைப் போன்றவர்களை, நாம் சீக்கிரமே மறந்துவிடுகிறோம்.

நாராயணன் காட்டிய வழியின் வலு இங்கேதான் இருக்கிறது. அவர் கோபத்தை மேடையில் கொட்டவில்லை. அடக்கத்தை வேஷமாகவும் போடவில்லை. பதவிக்கு அரசமைப்பு தந்த ஒவ்வோர் உரிமையையும் எடுத்துப் பயன்படுத்தினார். 2002இல் குஜராத் எரிந்தபோது பிரதமருக்குக் கடிதங்கள் எழுதினார். அவரை எதிர்க்க விரும்புவோர் அரசமைப்பின் தளத்தில் நின்று எதிர்க்கட்டும், ஆதரிப்போரும் அங்கேயே நின்று ஆதரிக்கட்டும். அவருடைய முடிவுகளை விமர்சிக்க இடமுண்டு. 1998இல் பிஹார் பரிந்துரையைத் திருப்பியவர், தலித்துகள் படுகொலை செய்யப்பட்ட பின் 1999 பிப்ரவரியில் அதே மாநில அரசைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லை என்று மத்திய அரசே சில வாரங்களில் அந்த ஆட்சியை விலக்கிக்கொண்டது. இரண்டாம் முறை சரியா, முதல் முறை சரியா என்று வாதிடுவது அவரை ஒரு குடியரசுத் தலைவராக மதிப்பது.

நம் மாநிலத்தில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் துறையைத் தலித் அமைச்சருக்கு ஒதுக்குவதே பல பத்தாண்டுகளாக வழக்கம்; 2024 செப்டம்பரில் கோவி.செழியன் உயர்கல்வித் துறை அமைச்சரானது செய்தியாகும் அளவுக்கு அது அரிதாக இருந்தது. நிதியும் உள்துறையும் தொழிலும் அந்த வரிசையில் வர வேண்டும். அதைவிட அவசரமானது பொதுத்தொகுதி. தலித் நின்றால் பொதுத்தொகுதியில் வெல்ல முடியாது என்ற நம்பிக்கையைக் கட்சிகள் கணக்காகச் சொல்கின்றன. 2001இல் திருச்சிராப்பள்ளி மக்களவை இடைத்தேர்தலில், அதிமுக நிறுத்திய தலித் எழில்மலை அந்தப் பொதுத்தொகுதியில் வென்றார். கட்சி முழு மனதோடு நிறுத்தினால் ஊர் வாக்களிக்கும் என்பதற்கு அது சான்று. அந்தச் சான்றை எந்தக் கட்சியும் பெரிதாகத் தொடரவில்லை. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 தேர்தலிலிருந்து பழனி பொதுத்தொகுதி. பாலசமுத்திரம் வாக்காளர்கள் முப்பது ஆண்டுக்கு மேல் தலித் உறுப்பினர்களைப் பேரவைக்கு அனுப்பிப் பழகியவர்கள். தொகுதிப் பெயரிலிருந்து 'தனி' என்ற சொல் போனவுடன் அவர்கள் மனம் மாறிவிடும் என்று கட்சிகள் எந்த ஆதாரத்தில் முடிவு செய்தன? அடுத்த தேர்தலில் இரு பெரும் கழகங்களில் ஒன்றாவது பழனியிலும் அதைப் போன்ற முன்னாள் தனித்தொகுதிகளிலும் தலித் வேட்பாளரை நிறுத்தட்டும், அவர் தண்ணீர், சாலை, விளைபொருள் விலை, மலைக்கிராமங்களின் பேருந்து என எல்லோருக்குமானதைப் பேசி வாக்குக் கேட்கட்டும், சேரியின் மயானப் பாதை குறித்தும் அதே மேடையில் அதே குரலில் பேசட்டும்.